கூட்டுக் கிணற்றின் ஐந்தாம் பங்கு

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறீர்கள். அனுபவியுங்கள்.

நீர்மட்டத்தை எப்படி அளப்பது, மழைப் பதிவை எப்படித் தொகுப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. புதிதாக இந்த ஆய்வு வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் அதை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். உங்கள் கையில் இருக்கும் கருவிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. சில வருடங்களுக்கு முன்னால் காரிமங்கலம் பக்கம் ஒரு கிணற்றடியில் ஒரு பகல் முழுக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருப்பது அன்றைக்கு எடுத்த முடிவுதான். நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு கிணற்றடியில் நிற்பீர்கள், அதனால் கேட்டு வையுங்கள்.

முதலில் கிணற்றைச் சொல்லிவிடுகிறேன். காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையை விட்டு உள்ளே போனால் வரும் சிற்றூர். ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் இன்னும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள். பங்காளி வீடுகள் ஐந்து சேர்ந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வெட்டிய பெரிய கிணறு. ஒரு மோட்டார், ஐந்து பங்கு. இன்றைக்கு ஒரு வீடு இறைத்தால் நாளைக்கு அடுத்த வீடு. இதற்கு முறை என்று பெயர். முறையை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதை மீறினவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரில் பாதிப் பேர் போகமாட்டார்கள்.

அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம் இருந்தது. தன் முறை முடிந்தவர் பேசாமல் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விடக் கூடாது. கிணற்று மேட்டில் நின்று, அடுத்த பங்குக்காரர் பெயரைச் சொல்லி, "இன்னார் முறை!" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். அவர் எந்த மூலையில் இருந்தாலும் "ஓ, வரன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் வாய்க்காலைத் திருப்பலாம். கடிகாரம் இல்லாத காலத்து ஏற்பாடாக இருக்கும். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு பாதி நாள் மிஸ்டு கால் கொடுப்பதோடு சரி. ஆனால் இரண்டு வீட்டுக்கு இடையில் சின்ன மனத்தாங்கல் வந்தால் போதும், உடனே பழைய வழக்கம் திரும்பிவிடும். "வாயத் தொறந்து கூப்பிட்டாத்தான் வருவன்" என்று உட்கார்ந்துகொள்வார்கள். கூப்பிட்டால்தான் மரியாதை.

மழை அந்தப் பக்கம் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருக்க ஆரம்பித்திருந்தது. கிணற்றில் ஊற்று மெதுவாகச் சுரந்தது. த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது எல்லாரும் அவசர அவசரமாக இறைக்க, கிணறு அடியைக் காட்டிவிடும். சூரிய ஒளியில் ஓடும் பம்பு என்றால் பகல் முழுக்க மெதுவாக இறைக்கும், ஊற்றும் கூடவே சுரந்துகொண்டிருக்கும். ஒரு கூட்டுக் கிணற்றில் இதை வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் எங்கள் ஆய்வு. ஐந்து வீடும் ஒற்றுமையாக இருந்ததால் அந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒற்றுமையாக இருப்பதாகத்தான் எல்லாரும் எங்களிடம் சொன்னார்கள்.

ஐந்து பங்கில் ஒன்று சின்னப்பன் என்பவருடையது. அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகன் பெங்களூரில் வேலை. மகள் மாதம்மாதான் நிலத்தைப் பார்த்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். லாரி ஓட்டும் கணவர் மாதத்தில் பாதி நாள் வடநாட்டில் இருப்பார். அப்பா படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்ள வந்தவள், அவர் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். "நீயே பாத்துக்கக்கா" என்று தம்பியும் சொல்லிவிட்டான். சாமந்தி போட்டிருந்தாள், இரண்டு கறவை மாடு வைத்திருந்தாள். அவளுக்கு முறை வரும் நாளில் கரண்ட் பெரும்பாலும் இருட்டின பிறகுதான் வரும். கையில் டார்ச்சும் பாம்புக்கு ஒரு தடியுமாகப் போய்த் தண்ணீர் கட்டுவாள்.

நான் முதல்முறை அங்கே போயிருந்தபோது, இன்னொரு பங்குக்காரரான கோவிந்தராஜ் கிணற்று மேட்டில் நின்று, "சின்னப்பண்ணன் முறை!" என்று கூப்பிட்டார். இவள் "ஓ, வரன் சித்தப்பா!" என்று மண்வெட்டியோடு ஓடினாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. இறந்தவர் பெயரைக் கூப்பிடுகிறார்களே, உனக்கு ஒரு மாதிரி இல்லையா என்று கேட்டேன்.

"எங்கப்பன் பேரக் கேக்க நல்லாத்தான் இருக்குது மேடம்," என்றாள். தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணு. செத்தவங்க முறையப் புடுங்கறது சுலபமுங்க. அவங்களா எந்திரிச்சு வந்து சண்டை போடப் போறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சோலார் பேனல்களை ஏற்றிக்கொண்டு லாரி வருகிற நாள் வந்தது. தருமபுரியில் மோட்டார், பம்பு வேலை பார்க்கும் சலீம் பாய்தான் அதைப் பொருத்துகிறவர். லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து அவரும் வந்திறங்கினார். இரண்டு நாள் கழித்து எங்கள் ஆய்வுக்கு ஆதரவு தருகிறவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் இயக்குநர் காலையிலிருந்து போனில் விசாரித்தபடி இருந்தார். சாமியானா போடலாமா வேண்டாமா என்பதுதான் அதுவரைக்கும் எனக்கு இருந்த பெரிய கவலை.

லாரியின் கயிற்றை அவிழ்க்கும்போது கோவிந்தராஜ் வந்தார். அவரோடு மற்றப் பங்குக்காரர்களும் வந்தார்கள். எல்லாரிலும் மூத்தவரான பச்சையப்பன் கொஞ்சம் பின்னால் நின்றார்.

"மேடம், ஒரு விசயம் பேசிரலாமுங்க," என்றார் கோவிந்தராஜ். "இனி நாலு முறைதான். எங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டோம்."

"ஐந்துதானே?"

"தண்ணி அஞ்சுக்குக் காணாதுங்க. போன வருசம் என் தக்காளிய வந்து பாத்தீங்கல்ல? நாலா வெச்சாத்தான் ஆளுக்குக் கொஞ்சமாச்சும் நிக்கும். சின்னப்பண்ணன் போயிருச்சு. பையன் இனி வரமாட்டான். பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சு, அது இன்னொரு வூட்டுப் பொண்ணு. அப்புறம் யாருக்குங்க முறை?"

அவர் கெட்டவர் இல்லை. இதை நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய கோடையில் அவருடைய தக்காளிச் செடிகள் காய் பிடித்த நிலையில் கருகிப் போயின. வயலின் நடுவே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அப்படி உட்கார்ந்திருந்த மனிதர் தன் அண்ணன் மகளின் தண்ணீரைக் கேட்கிறார். வறட்சி வந்தால் பயிரை மாற்றுவார்கள், பாசனத்தை மாற்றுவார்கள் என்றெல்லாம் நாம் எழுதுகிறோமே, அதற்கெல்லாம் முன்னால் நடப்பது இதுதான். பந்தியில் சோறு குறைந்தால் சமையற்கட்டைப் பார்க்கமாட்டார்கள். யாரை எழுப்பலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

மகளுக்கும் சட்டப்படி பங்கு உண்டு என்று சொன்னேன். "சட்டம் இருக்கட்டுங்க, கெணத்துல தண்ணி இருக்கணுமில்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாதம்மா தன் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். முறை போய்விட்டால் சாமந்தி போய்விடும், மாட்டுக்குப் பசுந்தீவனம் போய்விடும். அப்புறம் ஒசூரில் ஏதாவது கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்குமே தெரியும்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பிரமாதமான யோசனை என்று நினைத்துக்கொண்டேன். இறைத்த தண்ணீரைத் தேக்க எப்படியும் பின்னால் ஒரு தொட்டி கட்ட வேண்டியிருக்கும். தொட்டி மேட்டில் இருந்தால்தான் ஐந்து நிலத்துக்கும் தண்ணீர் தானாக ஓடும். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே மேடு மாதம்மாவுடையது. கல்லும் கரடுமாகக் கிடந்த இடம். ஆக, துருப்புச் சீட்டு அவள் கையில்தான் இருந்தது!

ஓடினேன் கொட்டகைக்கு.

"மாதம்மா, நீ ஒன்றும் சண்டை போட வேண்டாம். தொட்டிக்கு இடம் கொடுக்கிறேன், என் முறையில் கை வைக்காதீர்கள் என்று சொல். அவர்களுக்கு வேறு வழி இல்லை."

அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "வேணாங்க மேடம்," என்றாள்.

"ஏன்?"

"தொட்டிக்கு எடம் வேணும்னா அது தனிப் பேச்சு. முறை தனிப் பேச்சு. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டா, நாளைக்குத் தொட்டி ஒடைஞ்சா எம்முறையும் ஒடைஞ்சிரும். எங்க தாத்தன் கல்லு சொமந்து வாங்குன முறைங்க அது. அத நான் எதுக்கு இன்னொருக்கா வெல குடுத்து வாங்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது. நல்லது செய்ய வந்தவர்களுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது தனி ரகம், உங்களுக்கும் வரும்.

"அப்படியென்றால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஐந்து முறை இல்லையென்றால் பம்பும் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சரியா?"

"அனுப்பிட்டு?" என்றாள். மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள். "இவளாலதான் வந்தது போச்சுன்னு ஊரே சொல்லும். நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்? எம் மாடு இங்கதான மேயணும்?"

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பம்பை மாட்டினால் முறை போகும். மாட்டாமல் போனால் பழி வரும். பேரம் பேசினால் உரிமை கடைச்சரக்காகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக நான் நின்றேன். கையில் போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் நான் செய்தது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அவளையே கேட்டேன்.

"நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்."

அவள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"என்னையக் காரணமா வெச்சு எதையும் பண்ணாதீங்க மேடம். பாவம் அந்தப் பொம்பளைன்னு பேசாதீங்க. உங்களுக்குன்னு ஒரு காரணம் இருந்தா அதச் சொல்லுங்க. இல்லாட்டி பேசாம மாட்டிட்டுப் போயிருங்க. நான் எம்பாட்டப் பாத்துக்கறன்."

கிணற்றடிக்குத் திரும்பி வந்தேன். சலீம் பாய் லாரி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

"எறக்கவா மேடம், வேணாமா? வெயிலு ஏறுது. கண்ணாடிச் சாமான்."

"கொஞ்சம் பொறுங்க பாய்."

"நான் பொறுக்கறன். டீ இருக்கற வரைக்கும் பொறுக்கறன்," என்றார்.

டீயைக் குடித்துக்கொண்டே எனக்கென்று என்ன காரணம் இருக்கிறது என்று யோசித்தேன். இரக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சாதோ என்று பயமாகக்கூட இருந்தது. எதிரே பச்சையப்பன் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மகன் எங்கே என்று நினைத்துப் பார்த்தேன், பெங்களூர். அடுத்தவர் மகன்? ஒசூர். அதற்கடுத்தவர் மகன் திருப்பூர். கோவிந்தராஜுக்கு மகனே இல்லை, ஒரே பெண். தருமபுரியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாரையும் கூப்பிட்டேன்.

"நான் மாதம்மாவுக்காகப் பேச வரவில்லை," என்று ஆரம்பித்தேன். "என் வேலைக்காகப் பேசுகிறேன். இந்தப் பேனல் பல வருடம் உழைக்கும். அத்தனை வருடமும் இந்தக் கிணறு எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு முறை எடுக்க ஆள் இருக்க வேண்டும். உங்களுக்கு அப்புறம் உங்கள் வீட்டில் முறைக்கு யார் வருவார்கள்? ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்."

பச்சையப்பன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பையன் வரமாட்டான், பெண் வரக் கூடாது என்றால், இன்றைக்கு ஐந்து நாலாகும். அப்புறம் மூன்றாகும், இரண்டாகும். கடைசியில் பேனல் இருக்கும், பம்பு இருக்கும், முறை இருக்காது. அப்படிப்பட்ட கிணற்றில் எனக்கு ஆய்வு செய்ய ஒன்றும் இல்லை. ஐந்து பங்குள்ள கிணறு என்றுதான் வந்தேன். ஐந்து இல்லையென்றால் நான் போகிறேன். இது என் முடிவு. வேறு யார் சொல்லியும் இல்லை."

பச்சையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். கோவிந்தராஜுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கறாப்புல இருக்குது! எங்க கெணத்துக்கு வந்துட்டு எங்களுக்கே பாடம் நடத்தறீங்களா? எம் பொண்ண எதுக்குங்க இதுல இழுக்கறீங்க?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

இயக்குநருக்குப் போன் செய்தேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்கோபி. எங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. அன்றைக்கும் திட்டினார். நாளை மறுநாள் வருகிறவர்களுக்கு நான் எதைக் காட்டுவது, உங்களுக்கு வேலை செய்யத் தெரியுமா தெரியாதா என்றெல்லாம் கத்தினார். மூச்சு வாங்கிக்கொண்டு, திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரி, ஊர்க்காரர்கள் இப்போது யார் மேல் கோபமாக இருக்கிறார்கள்?"

"என் மேல், சார்."

"அந்தப் பெண் மேல் இல்லையே?"

"இல்லை."

"அப்படியென்றால் லாரியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். வருகிறவர்களை நான் வேறு எங்காவது கூட்டிப் போகிறேன்," என்று போனை வைத்துவிட்டார். அத்தனை திட்டுக்கு நடுவிலும் கேட்க வேண்டிய கேள்வியைத் தவறவிடாத மனிதர் அவர். பின்னாளில் உங்களைப் போன்றவர்கள் என்னிடம் வந்து பிரச்சினை என்று நின்றபோதெல்லாம் நானும் முதலில் திட்டிவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

சலீம் பாய் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார். லாரி கிளம்பும்போது ஊர் முனையில் யாரோ, "இந்த மேடம்தாம்பா கெடுத்துட்டுப் போவுது" என்று சத்தமாகச் சொன்னார்கள். திட்டுக் கேட்டு நான் நிம்மதிப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

ஆனால் நிம்மதி ரொம்ப நாள் நிற்கவில்லை. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ, நாலு வீட்டு வாயில் விழ வேண்டிய தண்ணீரைத் தட்டிவிட்டோமோ என்று உறுத்தல். வத்தல்மலையில் வேறொரு வேலைக்காகப் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கே சிறுதானிய வயலில் நின்றுகொண்டும் இந்தக் கிணற்றைத்தான் நினைத்தேன். மாதம்மாவுக்குப் போன் செய்தால், "மாடு கன்னு போட்டிருக்குதுங்க" என்பாள். கிணற்றுப் பேச்சை அவளும் எடுக்கமாட்டாள், நானும் எடுக்கமாட்டேன். முறை மட்டும் நாலாகாமல், பழையபடி ஐந்தாகவே ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. "சின்னப்பண்ணன் முறை" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

பிறகு ஒரு சந்தை நாள். காரிமங்கலத்தில் தருமபுரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சந்தைக் கூட்டத்துக்குள்ளிருந்து கோவிந்தராஜ் வந்தார். பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக வந்து பக்கத்தில் நின்றார். மழையைப் பற்றிப் பேசினார். தக்காளி விலையைப் பற்றிப் பேசினார். பஸ் லேட் என்றார். நான் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போட்டுக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு எங்கூடப் பேசறதில்லீங்க," என்றார் திடீரென்று.

"ஏன்?"

"அன்னிக்கி நடந்தது எல்லாத்தையும் அவங்கம்மா போன்ல சொல்லிட்டா. பொண்ணு லீவுல வந்துச்சு. வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. 'அப்பா, நாளைக்கு நீ இல்லாதப்ப நான் வந்து நின்னா, என்னையும் இன்னொரு வூட்டுப் பொண்ணுன்னு சொல்லி அனுப்பிருவாங்களா?'ன்னு. நான் எந்திரிச்சு வயலுக்குப் போயிட்டன். அதுலருந்து பேச்சில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. சந்தைத் தூசி என்று நான் பார்க்காததுபோல இருந்தேன்.

"பச்சையப்பண்ணனும் அன்னிலருந்து சரியா தூங்கறதில்லையாம். பையன் பெங்களூரோட போயிட்டான், அதுபோக ரெண்டு பொண்ணுல்ல அவருக்கு? பேசிட்டோமுங்க எல்லாரும். அஞ்சுதான். நீங்க சலீம் பாய இட்டுக்கிட்டு வாங்க."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ஒரு பை தக்காளியை உள்ளே திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பம்பு வந்தது. முதல் மாதத்திலேயே வேறு தலைவலி. வெயில் உள்ள நாள் முறை வந்தவருக்கு யோகம். மேகம் மூடிய நாள் முறை வந்தவருக்குப் பட்டை நாமம். நாள் கணக்கில் முறை வைப்பது இனிச் சரிப்படாது, தொட்டி நிறைய ஒரு முறை என்று வைத்தால்தான் எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்கும் என்று ஆனது. தொட்டிக்கு இடம் கேட்டு நாலு பங்குக்காரர்களும் மாதம்மாவின் வாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அது அவர்களுக்குள் நடக்க வேண்டிய பேச்சு.

இடம் தருகிறேன் என்றாளாம். ஆனால் சும்மா இல்லை. மேட்டின் மற்றப் பக்கம் கல்லைப் பொறுக்கி, மழைத்தண்ணீர் நிற்கிற மாதிரி வரப்புப் போட்டுத் தர வேண்டும், எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து செய்ய வேண்டும் என்றாளாம். செய்தார்கள். கோவிந்தராஜ் கடப்பாறையோடு முதல் ஆளாகப் போனார் என்று சலீம் பாய் சொன்னார். முறையை வைத்து அவள் எதையும் வாங்கவில்லை, எதையும் கொடுத்து முறையை வாங்கவும் இல்லை. அவள் அன்றைக்குக் கொட்டகையில் சொன்னபடி இரண்டும் தனித்தனிப் பேச்சாகவே நடந்தன.

தொட்டி முதல் சுற்று ஓடிய அன்றைக்கு நானும் போயிருந்தேன். மேட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் நானும் மாதம்மாவும் உட்கார்ந்திருந்தோம். புது வரப்புக்குள் அவள் தட்டைப்பயறு தூவியிருந்தாள், முளைத்துப் பச்சையாக நின்றது. நல்ல வெயில். இனி டார்ச்சும் தடியும் வேண்டாம், பகலிலேயே முறை. தொட்டிக் கணக்கில் அவளுக்கு முறை வரப்போவது அதுதான் முதல் தடவை. அவளுக்கு முன்னால் கோவிந்தராஜின் முறை. அவருடைய தொட்டித் தண்ணீர் வடிந்து முடிந்தது.

அவர் கிணற்று மேட்டில் ஏறுவது கீழே தெரிந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். போனை மறுபடி பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டார்.

"மாதம்மா முறை!"

அக்கம்பக்கத்து வயல்களில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பதில் குரல் வர வேண்டும். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மாதம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மாதம்மா, கூப்பிடுகிறாரே. கேட்கவில்லையா?"

"கேட்டுச்சுங்க," என்றாள். அவள் பார்வை கிணற்று மேட்டைவிட்டு நகரவில்லை. "இன்னொருக்கா கூப்பிடட்டும்."